பாஸ்வேர்ட் மறந்தவர்களின் வாசல்

கணினித் திரையில் கிடந்த வரியை நோன்போடு இருந்த இன்ஷிரா இரண்டாம் தரமும் வாசித்தாள். நிறஞ்சலாவின் கணக்குக்கு யாரோ புதிய பாஸ்வேர்ட் போட்டிருக்கிறார்கள். போட்டு நேரமாகிவிட்டது; இவள்தான் கவனிக்கவில்லை. நிறஞ்சலாவோ எதிர்க் கதிரையில் இருந்து தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்கட போன் எங்க?"

"அவசரத்தில வீட்ட விட்டிட்டு வந்திட்டன். அவரிட்டத்தான் கிடக்கும்."

புருஷனின் அடி தாங்காமல் வங்காலையை விட்டு ஓடி வந்தவள் அவள். அப்படிப்பட்ட பெண்கள் தங்கள் வழக்கு விவரத்தைப் பார்க்க இணையத்தளம் செய்து கொடுத்தவள் இன்ஷிரா. இணையத்தளம் கட்டும் லாராவெலில் வாசலுக்கு வாசல் ஒரு ரூட், அதாவது வழி, எழுத வேண்டும்: உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்கு ஒன்று. மறந்தவர்களுக்கு ஈமெயிலில் வழி சொல்வதுதான் வழக்கம். இந்தக் கரையில் எந்தப் பெண்ணிடம் ஈமெயில் இருக்கிறது என்று, பெரிய கெட்டிக்காரி மாதிரி, போனுக்கே கோட் என்ற இரகசிய இலக்கம் போகும்படி மாற்றியவளும் அவள்தான். அந்தப் போன் யார் கையில் இருக்கும் என்பது மண்டைக்கு எட்டவில்லை. எருக்கலம்பிட்டியில் அவளுடைய வீட்டிலேயே உம்மாவின் போன் வாப்பாவின் சட்டைப்பையில்தான் கிடக்கும்!

உள்ளே போனவன் எதைப் பார்த்திருப்பான்? முதல் பக்கத்திலேயே இருந்தது: இன்றைய சந்திப்பு, பெண்களுக்கு உதவும் இந்த அலுவலகக் கந்தோரின் விலாசம். மறந்தவர்களுக்கான அந்த ரூட்டை அழித்தாள், கணக்கைப் பூட்டினாள். பொலிசுக்கு அடிக்கப் போனை எடுக்கவும், வாசலில் மோட்டார்சைக்கிள் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"மாதாவே, அவர்தான்!" நிறஞ்சலா உள்ளறைக்குள் ஓடினாள்.

பஸ்ரியன் சிரித்த முகத்தோடு வந்து அதே கதிரையில் இருந்தான். மனைவியின் போனை மேசையில் வைத்தான்.

"தங்கச்சி, இது முதல்ல உள்ள விட்டது. இப்ப விடுதில்லை. ஒருக்காத் திறந்து விடுங்கோ."

"கணக்குக்குரிய ஆள் வந்தால்தான் திறக்கலாம், அண்ணன்."

அவன் கண் தேத்தண்ணிக் கோப்பையில் விழுந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. பிறகு அவளுடைய பர்தாவைப் பார்த்தான்.

"நோன்பு நாளில ஆருக்குத் தேத்தண்ணி?"

உள்ளறைக் கதவுக்குப் பூட்டில்லை.

"எனக்குத்தான். எனக்கு இண்டைக்கு நோன்பில்லை."

கோப்பையை எடுத்து மடமடவென்று குடித்தாள். நாக்கு வெந்தது. மாதத்தில் பெண்களுக்கு நோன்பில்லாத நாள் எதுவென்று அயலில் வாழும் கிறிஸ்தவ வேதக்காரனுக்கும் தெரியும். பஸ்ரியன் கூசிப்போய் நிலத்தைப் பார்த்தான். போனைப் பொறுக்கிக்கொண்டு எழும்பிப் போனான். வாப்பாவிடம்கூடச் சொல்லாத சங்கதியை, அதுவும் பொய்யாக, ஒரு அந்நிய ஆணிடம் சொல்லிவிட்டாள். நோன்பும் போயிற்று. வெட்கப்படவோ அழவோ அவளுக்கு நேரமில்லை.

அழித்த வாசலால் இதற்கு முன் நுழைந்தவர்கள் யார் என்று தேடினாள். நேற்று, றிம்ஷா. றிம்ஷாவும் புருஷனுக்குப் பயந்து தோட்டவெளியில் ஒரு வீட்டில் ஒளிந்திருக்கிறாள். அந்த விலாசமும் உள்ளே இருக்கிறது. உடனே சொல்ல வேண்டும். இன்ஷிரா றிம்ஷாவின் இலக்கத்தை அடித்தாள்.

பச்சைப் பொத்தானுக்கு மேலே விரல் அப்படியே நின்றது. இந்த இலக்கத்துக்குத்தானே நேற்றும் கோட் போனது.