ஓர் உருண்டை நோட்டு

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. கற்பூரத்தைக் கையால் அணைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். உள்ளங்கை இன்னும் எரிகிறது.

வெள்ளைக்காரன் ஆட்சியில், சர்க்கார் நோட்டு வருவதற்கு முன்னால், தனியார் பேங்குகளே சொந்தமாக நோட்டு அடித்து விட்டன. அப்படி ஒன்று, குருபரப்பள்ளி ரோட்டோரம் களிக்கடை வைத்திருந்த திம்மராயனின் பாட்டன் பெட்டியில் கிடந்தது. ‘கொண்டு வருபவருக்குக் கேட்டவுடன் தருவோம்’ என்று அதில் இருந்ததை நான்தான் படித்துச் சொன்னேன்.

1957-ல் நயா பைசா வந்தது. ஓர் உருண்டை களி இரண்டணா. அது பன்னிரண்டு பைசாவா, பதின்மூன்றா என்று தினமும் கடையில் அடிதடி. கையில் சில்லறையும் இல்லை.

“பேங்க்காரன் அடிச்சா நோட்டு, நான் அடிச்சா ஆகாதா?” என்றான் திம்மராயன்.

சிமெண்டு மூட்டைக் காகிதத்தை வெட்டி, ‘கொண்டு வருபவருக்குக் கேட்டவுடன் ஓர் உருண்டை களி, கீரைக் குழம்புடன்’ என்று தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் போட்டு, கீழே கையெழுத்து வைத்தான். ‘தி’யின் சுழியைத் தூண்டில் முள் மாதிரி வளைத்துவிடுவான். அந்த முள்ளைப் பார்த்துத்தான் ஊர் நம்பியது. நாலணா நீட்டினால் வயிற்றுக்கு ஓர் உருண்டை, மடிக்கு ஒரு நோட்டு.

மூன்றே மாதம். சூளகிரியில் பஸ் கண்டக்டர் அதை வாங்கிக்கொண்டு டிக்கெட் கிழித்தார். தளியில் கல்யாண மொய்யாக வைத்தார்கள். எல்லை தாண்டி மைசூர்ப் பக்கம் போனால் மட்டும் எட்டு உருண்டைக்கு ஒன்பது நோட்டு. அங்கே உருண்டை பெரிசு, நியாயம்தானே?

ராகி மண்டி கோவிந்தப்பனுக்கு இது பொறுக்கவில்லை. சந்தைதோறும் ஆள்விட்டு அறுபது நோட்டு சேர்த்தார். பிறகு, “திம்மராயன்கிட்ட மாவு அரை மூட்டைதான் இருக்குதாம்” என்று கிளப்பிவிட்டார். மறுநாள் காலை கடை வாசலில் இருநூறு பேர், கைநிறைய நோட்டோடு.

“என்னாப்பா பேங்க் மொதலாளி,” என்று முன்னால் வந்தார் கோவிந்தப்பன். “பொழுது சாயறதுக்குள்ள ஒரு நோட்டுக்காச்சும் களி இல்லேன்னு சொன்னா, கடை எனக்கு. சொல்லாம சமாளிச்சா, பத்து மூட்டை ராகி உனக்கு. பத்திரம் எழுதலாமா?”

“எழுதுங்கண்ணா,” என்றான் திம்மராயன். அங்கேயே பத்திரம் ஆனது.

கோவிந்தப்பன் அறுபது நோட்டையும் பலகைமேல் வைத்தார். பூதக்கண்ணாடி வைத்துக் கையெழுத்துகளைப் பார்த்தார். முள் சரியாக இருந்தது. “அறுபது உருண்டை எடு. வண்டி நிக்குது.”

திம்மராயன் பெண்டாட்டி மங்கம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

“வண்டி எதுக்குங்கண்ணா? நோட்டுல என்னா போட்டிருக்குது? கேட்டதும் களி. கட்டிக் குடுக்கறதா எங்கனா எழுதியிருக்குதா? உக்காருங்க. இலை போட்டாச்சு.”

கூட்டம் சிரித்தது. எழுந்து போனால் மானம் போகும். உட்கார்ந்தார்.

அன்றைக்கு மங்கம்மா பிடித்த உருண்டை ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. முதல் உருண்டையைக் கோவிந்தப்பன் சாதாரணமாக விழுங்கினார். இரண்டாவதில் இடுப்பு வேட்டியைத் தளர்த்தினார். மூன்றாவதில் குலதெய்வத்தைக் கூப்பிட்டார்.

“இன்னும் அம்பத்தேழு இருக்குதுங்கண்ணா,” என்றாள் மங்கம்மா, குழம்பை ஊற்றிக்கொண்டே. “ஆறிப்போனா நல்லா இருக்காது.”

நாலாவதில் பாதி போனதும் அவர் கண் மேலே செருகியது. நாலு பேர் தூக்கி வண்டியில் படுக்க வைத்தார்கள்.

வண்டிக்காரன் முனிராஜ் கையை நீட்டினான். “வாடகை?”

கோவிந்தப்பனால் பேச முடியவில்லை. மடியில் காசும் இல்லை. பலகையைக் காட்டினார். முனிராஜ் அதிலிருந்து இரண்டு நோட்டை எடுத்து, முள்ளைத் தடவிப் பார்த்து, தலைப்பாகையில் செருகிக்கொண்டு மாட்டைத் தட்டினான்.

அதைத்தான் கூட்டம் பார்த்தது. மண்டிக்காரரே கொடுக்கிறார், வண்டிக்காரன் வாங்குகிறான். அப்புறம் என்ன சந்தேகம்? ஆளுக்கு ஓர் உருண்டை சாப்பிட்டுவிட்டு மிச்ச நோட்டை மடியிலேயே முடிந்துகொண்டு போனார்கள். பொழுது சாய்ந்தபோது பானையில் இன்னும் இரண்டு உருண்டை மீதி. பத்து மூட்டை ராகி மறுநாளே வந்து இறங்கியது.

நம்பாதவர்கள் வீட்டுக்கு வரலாம். அந்தப் பத்திரம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அடியில் கோவிந்தப்பன் கையெழுத்து. பக்கத்தில் திம்மராயனின் கட்டைவிரல் ரேகை. கையெழுத்துப் போட அவனுக்குச் சாகும்வரை தெரியாது.