வட்டக்கானல் பிக்அப்

கொடைக்கானல் மலையில் இருக்கும் போளூரில் விளையும் பூண்டைச் சந்தைக்குக் கொண்டுபோக அந்த நாளில் ஒரே ஒரு லாரிதான் மலைக்கு வந்துகொண்டிருந்தது. அது திருமலைச்சாமியின் லாரி. அவருக்கு எப்போது தோதுப்படுமோ அப்போதுதான் வரும்.

எழுபத்தாறாம் வருஷம் ஐப்பசியில் பூண்டு மூட்டைகளைச் சாலையோரம் அடுக்கிவைத்துவிட்டு எல்லாரும் காத்திருந்தார்கள். லாரி வரவில்லை, மழை வந்துவிட்டது. தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் ஓடி, பாதிப் பூண்டு முளைவிட்டு நாறிய பிறகுதான் லாரி வந்து நின்றது. வேலுமணியின் மனைவி முருகம்மாள் லாரியின் பக்கத்தில் போய், வர முடியாது என்று ஒரு சொல்லாவது சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று கேட்டாள். திருமலைச்சாமி சீட்டைவிட்டு இறங்கவில்லை.

"வண்டி என்னோடது தாயி. அவசரம்னா நீங்களே ஒண்ணு வாங்கி ஓட்டிக்கங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முருகம்மாள் திரும்பி வந்தாள். அழுகிய பூண்டைக் கணவனும் மனைவியுமாகக் கூடை கூடையாக ஓடையில் கொட்டினார்கள். கடைசிக் கூடையைக் கவிழ்த்துவிட்டு அவள், "வாங்குவோம்ங்க" என்றாள். வேலுமணிக்கு எதைச் சொல்கிறாள் என்று புரிந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் வேலுமணி வத்தலக்குண்டில் லாரி ஓட்டியவன். லைசென்ஸ் இன்னும் பெட்டியில் இருந்தது. புது வண்டிக்கு வழியில்லை என்பதால் பழையதைத் தேடிக் கொடைக்கானல் பக்கமெல்லாம் அலைந்தான். கடைசியில் வட்டக்கானலில் ஒரு பங்களாவுக்குப் பின்னால், பேரிக்காய் மரங்களுக்கு நடுவே, பின்னால் சரக்கு ஏற்றும் ஒரு பிக்அப் வண்டி கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தான். முன்கண்ணாடி இல்லை. சக்கரங்கள் பாதி மண்ணில் புதைந்திருந்தன. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன வண்டி. பங்களாவைப் புதிதாக வாங்கியவருக்கு அது தோட்டத்தைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

வேலுமணி கொடைக்கானலிலிருந்து மெக்கானிக் கஸ்பாரைக் கூட்டிவந்து காட்டினான். ஒரு பள்ளிக்கூடத்து பஸ்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். படுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய், ஸ்க்ரூடிரைவரால் அங்கங்கே குத்திப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"சேஸிஸ், அதான் அடிச்சட்டம், நல்லாக் கெடக்கு. மத்தது எல்லாத்தையும் புதுசாப் பண்ணணும். ஒனக்கு அவ்வளவு பொறுமை இருக்கா?"

இருக்கிறது என்றான் வேலுமணி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போளூருக்கு வந்து செய்துதருவதாகக் கஸ்பார் ஒப்புக்கொண்டார். முருகம்மாள் இரண்டு கறவைப் பசுக்களையும் தானே கயிற்றைப் பிடித்துக் கூட்டிப்போய் விற்றுவிட்டு வந்தாள். கட்டை ஏற்றும் லாரி ஒன்றின் பின்னால் கட்டி இழுத்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் வேலை நடந்தது. வாரம் முழுக்கப் பூண்டுக் காட்டு வேலை. ஓய்ந்த நேரமெல்லாம் வண்டி. முருகம்மாள் செங்கல்லும் மணலும் வைத்துத் துருவைத் தேய்த்தாள். வேலுமணி யூகலிப்டஸ் பலகை அறுத்துப் பின்பக்கத் தட்டை அமைத்தான். கஸ்பார் கிடைத்த சாமான்களைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். போளூர்க் குளிருக்கு மப்ளரை அவிழ்க்கவே மாட்டார். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் ஓடியது. இந்த ஊர்ப் பனிக்குத் தினமும் சாயங்காலம் ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட வேண்டும், உள்ளே உறைந்தால் எஞ்சினே வெடித்துவிடும், மறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கிளம்பினார்.

வேலுமணி தினமும் திறந்துவிட்டான். பொங்கலன்று மட்டும் மறந்துவிட்டான். அன்றைக்கு ஊர்ச்சனம் மாற்றி மாற்றி ஏறிக்கொள்ள, கோயில்வரைக்கும் போய்ப் போய் வந்த சந்தோஷத்தில் அது நினைவிலேயே இல்லை.

விடிந்து பார்த்தபோது புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. எஞ்சினின் பக்கச் சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. வேலுமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். காப்பி கொண்டுவந்த முருகம்மாள் விரிசலைப் பார்த்தாள். பசுவை இதற்குத்தானா விற்றேன் என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போனவள், அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

மறுநாள் வெள்ளனே ஸ்பேனர் பையை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"கழட்டுங்க."

"என்னத்த?"

"எஞ்சினத்தான். ஒட்டவைக்க முடியுமான்னு பாக்கணும்ல."

வேலுமணி கொடைக்கானலுக்குப் போய்த் தான் மறந்ததைக் கஸ்பாரிடம் சொன்னான். கஸ்பார் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அந்தச் சுவர் ஏற்கனவே துருவேறி மெலிந்துதான் இருந்தது, மலை இறங்கும்போது வெடித்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டார். திண்டுக்கல்லில் வார்ப்பு இரும்பை ஒட்டுகிற பட்டறை ஒன்றையும் சொன்னார்.

எஞ்சினைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் அந்தப் பாரத்தைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோகக் கிடைத்தது திருமலைச்சாமியின் லாரி மட்டும்தான். வேலுமணிக்குக் கேட்க வாய் வரவில்லை. முருகம்மாள் போய்க் கேட்டாள்.

"எங்க வண்டி எஞ்சினு ஒடஞ்சுபோச்சுங்க. திண்டுக்கல்லுக்கு ஏத்திட்டுப் போகணும். வாடகை தந்துடுறோம்."

திருமலைச்சாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏத்துங்க" என்றார். பூண்டு மூட்டைக்கு என்ன வாடகையோ அதையே வாங்கிக்கொண்டார். முன்னால் வந்து உட்காரச் சொன்னதற்கு முருகம்மாள் மறுத்துவிட்டாள். எஞ்சினைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி திண்டுக்கல்வரைக்கும் வேலுமணியோடு பின்னாலேயே உட்கார்ந்து போனாள்.

பட்டறைக்காரர் உறுதி எதுவும் சொல்ல முடியாது என்றார். கரியை மூட்டி எஞ்சின் முழுவதையும் சூடேற்றி, விரிசலை ஒட்டி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவைத்தார். அது ஆறும்வரை இருவரும் பட்டறை வாசலிலேயே கிடந்தார்கள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. வேலுமணி அந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எஞ்சினைத் திரும்பப் பூட்டி, பங்குனிப் பூண்டை அவர்கள் தங்கள் வண்டியிலேயே ஏற்றி வடுகபட்டிச் சந்தைக்குக் கிளம்பினார்கள். பக்கத்துக் காட்டுச் சோலையம்மாளின் மூட்டைகளும் சேர்ந்துகொண்டன. கைபிரேக் மட்டும் சரியாகப் பிடிக்கவில்லை. மலை இறக்கத்தில் நிறுத்த வேண்டியபோதெல்லாம் முருகம்மாள் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தாள். பூண்டு நல்ல விலைக்குப் போனது. உப்பும் மண்ணெண்ணெயும் உரமும் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள்.

ஏற்றத்தில் பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பியது. வேலுமணி ஓரம் கட்டினான். ஒட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தான். ஈரமில்லை. எஞ்சின் ஆறியதும், முருகம்மாள் பாறையில் வழிந்த தண்ணீரை டின்னில் பிடித்துவந்து கொடுக்க, அவன் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். பயமாக இருக்கிறது, கீழே இறங்கி நாளைக்கு ஏறலாமா என்று கேட்டான்.

முருகம்மாள் மேலே வளைந்து போகும் சாலையைப் பார்த்தாள்.

"வெளிச்சம் இருக்கையிலயே ஏறிரலாம். எடுங்க" என்று சொல்லிவிட்டு, சக்கரத்திலிருந்து கட்டையை உருவக் குனிந்தாள்.