சாகாத லிங்க்

மாரிக்கண்ணனுக்கு வயது இருபத்துமூன்று. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். இப்போது இருப்பது மும்பையில், தாராவி தொண்ணூறடி சாலைக்குப் பின்னால், ஆறு பேர் படுக்கும் ஒரு மாடி அறையில். வேலை ஐரோலியில் ஒரு கூரியர் கோடவுனில். வருகிற பார்சலை ஸ்கேன் பண்ணி, அது போகவேண்டிய கூண்டில் போடவேண்டும். சொன்னால் லேசான வேலைதான். ஆனால் ஷிஃப்ட் முடிந்து, தாணாவில் ரயில் மாறி, சயானில் இறங்கும்போது கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடாக இருக்கும்.

சயான் ஸ்டேஷன் நடைபாலத்தில் ஓரமாக நின்றுகொண்டுதான் வீட்டுக்கு மெசேஜ் போடுவான். அறையில் வைத்துப் பேசினால் ஐந்து பேர் காதும் அவன் வாயில்தான் இருக்கும். விரலால் தட்டி எழுதத் தெம்பில்லை. மைக் படத்தை அழுத்திக்கொண்டு பேசினால் போன் எழுதிக்கொள்ளும். எழுதியதை அனுப்பிவிடுவான். பேசியதை அப்படியே குரலாக அனுப்புவதில்லை. அதற்குக் காரணம் அவன் அம்மா கனகவள்ளி.

போன வருஷம் ஒரு காய்ச்சலின்போது, "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்று குரலில் சொல்லி அனுப்பியிருந்தான். நடுவில் வந்த இருமலை அம்மா கேட்டுவிட்டு, கட்டியிருந்த சேலையோடு ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் ஏறி, நின்றுகொண்டே மும்பைக்கு வந்து சேர்ந்தாள். அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் உதவியாள். சொல்லாமல் கொள்ளாமல் போனதற்கு வேலையை எடுக்கப் பார்த்தார்கள். யார் யார் காலிலோ விழுந்து மறுபடி சேர்ந்தாள். இன்னொரு தரம் இப்படிப் போனால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா இல்லாத வீடு. தங்கை சங்கரேஸ்வரி நர்சிங் முதல் வருஷம் படிக்கிறாள். அம்மா வேலையை விட்டுக் கிளம்பினால் அதுவும் நிற்கும்.

அன்றிலிருந்து எழுத்துதான். எழுத்துக்கு மூச்சு வாங்காது, இருமாது. சங்கரி காலேஜ் முடிந்து வந்து, அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாள்.

ஆனால் அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. மைக்கை அழுத்தியதும் முதலில் வேறு ஒன்றைச் சொல்வான். "எம்மா, என்னால முடியலம்மா. நெஞ்செல்லாம் அடைக்கி. ஊருக்கு வந்துருதேன்." போன் அதை எழுதி முடிக்கும்வரை பார்ப்பான். பிறகு ஒவ்வொரு வரியாக அழிப்பான். அழித்த இடத்தில், "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு இறங்கி நடப்பான். அப்படி அழித்த பிறகு கொஞ்ச நேரம் உடம்பு இலேசாக இருக்கும்.

இந்தப் பழக்கம் ஹரிதாவுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

ஹரிதா மாட்டுங்காக்காரப் பெண், செம்பூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். ஊரை விட்டு வந்தவர்கள் போனில் பேசி எழுதுவதைப் பற்றி ஆராய்ச்சி. அவன் சாப்பிடும் மெஸ்ஸுக்கு வந்து, அவன் உட்பட நாலைந்து பேர் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். "நீங்க பேசறதெல்லாம் இதுல ரெக்கார்ட் ஆகும், ஓகேவா?" என்று கேட்டாள். பேசுவதுதானே மெசேஜ், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று அவனும் தலையாட்டினான். வீட்டு நம்பர் கேட்டபோது சங்கரியின் நம்பரைக் கொடுத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, தாணா ரயிலுக்கு நிற்கும்போது அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. இன்றைக்குத் தன் கல்லூரியில் மாநாடு என்றும், அவன் மெசேஜ்களை வைத்துச் செய்த வலைப்பக்கம் தயாராகிவிட்டது என்றும், ஆராய்ச்சியின் பலன் குடும்பங்களுக்கும் போய்ச் சேரவேண்டும் என்பதால் அவன் தங்கைக்கும் லிங்க் அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு சிரிக்கும் பொம்மை.

லிங்கை அழுத்தினான். அவன் அனுப்பிய மெசேஜ்கள் வரிசையாக இருந்தன. 'நல்லா இருக்கேன்' என்பது மட்டும் நீல எழுத்தில், அடிக்கோட்டோடு. அதைத் தொட்டான்.

"எம்மா, என்னால முடியலம்மா" என்றது அவன் குரல். பின்னால் ரயில் சத்தம், அவன் மூச்சு, மூக்கை உறிஞ்சுவது எல்லாம் தெளிவாக விழுந்தது. அடுத்த நாள் மெசேஜைத் தொட்டான். அதன் அடியிலும் அதேதான். எல்லா 'நல்லா இருக்கேன்'களுக்கும் அடியில் அதேதான்.

ரயில் வந்து நின்றது, போனது. அவன் ஏறவில்லை. சங்கரிக்கு அடித்தான், ஸ்விட்ச் ஆஃப். காலேஜில் போனை வாங்கி வைத்துவிட்டுச் சாயங்காலம்தான் கொடுப்பார்கள். ஹரிதாவுக்கு அடித்தான், எடுக்கவில்லை. கோடவுன் சூப்பர்வைசர் அப்துல் ஹாதிக்கு அடித்து, வயிறு சரியில்லை என்றான். உன் வயிறு வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் கெடுமா என்று அவர் இந்தியில் கேட்டுவிட்டு வைத்தார். அவன் குர்லாவுக்குப் போய் ஹார்பர் லைனில் மாறிச் செம்பூரில் இறங்கினான்.

கல்லூரி வாசலில் வாட்ச்மேன் அவன் கோடவுன் டீ-ஷர்ட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"கேட்டரிங் பீச்சே சே" என்று பின்பக்கம் கையைக் காட்டினார்.

கேட்டரிங் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன், சொன்னால் வெளியே நிறுத்திவிடுவார்களோ என்று நினைத்துப் பின்வாசல் வழியாகவே போனான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஹாலில் ஏசி குளிர் எலும்பில் இறங்கியது. இருபது பேர் இருந்தால் அதிகம். பாதிப் பேர் தங்கள் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒருவர் தாடையைக் கையில் தாங்கித் தூங்கிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்ததும் மாரிக்கண்ணனுக்கும் கண் சொருகியது. ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவன் இருப்பதைப் போலவே எல்லோரும் இருந்தார்கள்.

மேடையில் ஒரு வயதானவர் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் திரையில் அவர் பெயர் வேங்கடசுப்ரமணியன் என்று இருந்தது. ஆங்கிலத்தில் அவனுக்குப் பாதிதான் பிடிபட்டது. ஒரு எழுத்தைத் தொட்டால் இன்னொரு எழுத்துக்குப் போகும் வழிக்குத்தான் ஹைப்பர்டெக்ஸ்ட் என்று பெயர். அந்த வழி ஒருநாளும் அடைபடக்கூடாது. பத்து வருஷம் கழித்து ஒருவர் தொட்டாலும் அது திறக்கவேண்டும். செத்த லிங்க் என்பது இந்தத் துறைக்கே அவமானம். இதையே அவர் மாற்றி மாற்றிச் சொன்னார். கைதட்டினார்கள். தூங்கியவரும் விழித்துக்கொண்டு தட்டினார்.

மத்தியான டீ இடைவேளையில்தான் ஹரிதாவைப் பிடிக்க முடிந்தது. சுவர் ஓரமாக ஒரு மேஜைமேல் அவள் லேப்டாப், பக்கத்தில் இரண்டு ஹெட்போன். திரையில் அவனுடைய பக்கம்.

"மாரிக்கண்ணன், நீங்களே வந்துட்டீங்களா. லீவ் கிடைச்சுதா?" அவள் முகம் மலர்ந்தது. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. பல நாள் தூங்காத முகம்.

"எக்கா, அத அழிச்சிருங்க."

"எதை?"

"நான் அழிச்சத. அது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?"

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஆப் எல்லாத்தையும் எடுக்கும். நான்தான் சொன்னேனே."

"சொன்னீய. பேசுறத எடுக்கும்னு சொன்னீய. இது நான் பேசல்லியே."

"உங்க குரல்தானே?"

"குரல் என்னோடதுதான். அது யாருக்கும் சொன்னதில்லக்கா. அழிக்கதுக்குன்னே சொன்னது."

ஹரிதா ஹெட்போன் ஒயரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "என் பேப்பரே அதுதான். மத்தவங்க எல்லாம் அனுப்பின மெசேஜை வெச்சுண்டு பேசறா. அனுப்பாததுலதான் மனுஷன் இருக்கான்னு நான் எழுதியிருக்கேன். பேர்கூட மாத்திட்டேன், பாருங்கோ."

"பேர மாத்துனா எங்கம்மைக்கு என் சத்தம் தெரியாதாக்கா? அவ்வோ ஒரு இருமல் கேட்டு ரயில் ஏறுனவ்வோ."

அம்மா வந்த கதையை அவன் சொன்னான். மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வேலை போகும் என்பதையும், சங்கரி படிப்பு நிற்கும் என்பதையும் சொன்னான். பக்கத்தில் ஒருவர் டீயோடு வந்து ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு திரையைத் தொட்டார். அவர் முகம் மாறுவதை மாரிக்கண்ணன் பார்த்தான். அவருக்குத் தமிழ் தெரியாது. அப்படியும் அவர் சட்டென்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நகர்ந்தார்.

ஹரிதாவும் அதைப் பார்த்தாள். லேப்டாப்பை இழுத்து ஏதோ தட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே வேங்கடசுப்ரமணியன் வந்தார். அவர்தான் அவளுக்கு வழிகாட்டி.

"என்ன பண்றே? பரிசுக்குப் பாக்க ஜூரி வந்துண்டிருக்கா."

"இவர் பக்கத்தை எடுக்கறேன் சார். இவருக்கு இஷ்டமில்லை."

அவர் மாரிக்கண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். "இவர்தான் அவரா? உக்காருங்கோ முதல்ல. நிக்காதீங்கோ." நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு அவளிடம் திரும்பினார். "காலம்பரதானே நான் மேடையில நின்னு கத்தினேன், லிங்க் சாகக்கூடாதுன்னு. நம்ம டெமோவையே நாம சாக அடிச்சா சிரிக்கமாட்டாளா?"

"சிரிக்கட்டும் சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "சரி, எடு. ஆனா உன் பக்கத்துல எடுத்து என்ன பிரயோஜனம்? ஆர்க்கைவ் எடுத்துண்டிருக்குமே."

ஹரிதாவின் கை நின்றது.

"அப்படின்னா என்ன சார்?" என்று மாரிக்கண்ணன் கேட்டான்.

மாநாட்டுக்கு வருகிற எல்லாவற்றையும் காலையிலேயே ஒரு பிரதி எடுத்து ஆவணக் காப்பகத்தில் போட்டுவிடுவார்கள் என்று அவர் சொன்னார். லிங்க் சாகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஹரிதா தன்னுடையதை எடுத்துவிட்டால் அவள் அனுப்பிய லிங்க் தானாகக் காப்பகத்துப் பிரதிக்குப் போய்விடும். அங்கிருந்து எடுக்கக் கமிட்டி கூடவேண்டும்.

"எப்ப கூடும்?"

"அடுத்த மாநாட்டுல." சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். "அந்த விதியை எழுதினதே நான்தான். இப்படி ஒருத்தர் வந்து நிப்பார்னு யார் நினைச்சா."

அப்போது மாரிக்கண்ணனின் போன் அடித்தது. சங்கரி. அவன் வராந்தாவுக்கு ஓடினான்.

"எண்ணே."

"ஏட்டி, காலேஜ் இல்லையா?"

"மத்தியானமே விட்டுட்டாவ. யாரோ இறந்துட்டாவளாம்." அவள் மூக்கு அடைத்திருந்தது. "கேட்டேன்."

"அம்மைக்குப் போட்டியா?"

"அம்மை இன்னும் வரல்ல. பாத்திரம் கழுவிட்டுத்தான் வருவா."

அவன் சுவரில் சாய்ந்தான். "அவ்வளவயும் கேட்டியா?"

"எல்லாத்தையும் கேட்டேன். பஸ்ல உக்காந்து கேட்டேன். பக்கத்துல இருந்தவ என்னட்டி அழுகன்னு கேக்கா." மூக்கைச் சிந்தினாள். "ஏம்ணே, எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா? நாந்தான வாசிக்கேன். தெனமும் நல்லா இருக்கேன், சாப்பிட்டேன். ரேஷன்கடை போர்டு மாதிரி. அம்மைக்கு அது பத்தாதுன்னு நானா சேத்து வாசிப்பேன், தெரியுமா? இன்னைக்கு மீன் கொழம்பாம், ரூம்ல ஃபேன் மாத்துனாவளாம், சேட்டு பாராட்டுனாராம்னு. அம்மை சந்தோசப்படுவா. எனக்கும் நெசம்னே தோணிப்போச்சு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் இருமலாகிவிட்டது.

"இருமுத பாத்தியா. ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"போகணும்."

"நாளைக்கு சயான் ஆஸ்பத்திரிக்குப் போ. போய்ட்டு எனக்கு மட்டும் குரல்ல போடு. எழுதாத. அம்மைட்ட நான் வாசிக்க மாட்டேன். இத என் போன்ல அழிச்சிட்டேன்."

"நீ அழிச்சா அது போகாதாம்ட்டி. எங்கயோ வச்சிருக்காவளாம். எவன் வேணாலும் தொறந்து பாக்கலாமாம்."

"அப்போ தாராவியில நம்ம ஊர்க்காரன் எவனாவது பாத்து, அம்மைக்கு அனுப்பிட்டான்னா?"

அவன் வாயெடுப்பதற்குள் அம்மா வருகிறாள் என்று வைத்துவிட்டாள்.

உள்ளே வந்தபோது ஜூரி வந்து போயிருந்தார்கள். ஹரிதாவின் திரை வெறுமையாக இருந்தது. பரிசு பற்றி யாரும் பேசவில்லை. வேங்கடசுப்ரமணியன் யாருடனோ போனில் வாதாடிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு வந்தார்.

"எடுக்க விடமாட்டேங்கறா. ஆனா மேலே ஒரு குறிப்பு சேக்கலாமாம். யார் திறந்தாலும் முதல்ல அதுதான் தெரியும். அதைப் படிச்சுட்டுத்தான் கீழே போக முடியும். கமிட்டியில எடுக்கச் சொல்லி நான் எழுதறேன். ஆனா அது வரைக்கும் இதுதான்."

"நான் எழுதிடட்டுமா?" என்று ஹரிதா கேட்டாள். "ஆராய்ச்சி நெறிமுறைப்படின்னு ஒரு பாரா..."

"வேண்டாம்க்கா. நானே சொல்லுதேன்."

அவள் லேப்டாப்பில் மைக்கைத் திறந்து அவன் பக்கம் திருப்பினாள். குரல் பதிவாகாது, எழுத்து மட்டும்தான் என்று தானாகவே சொன்னாள். அவன் நம்பினானா என்பது தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான். ஹாலில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை முதலில் சொல்லி அழிக்க அவனிடம் எதுவும் இல்லை. அவன் சொல்லச் சொல்லத் திரையில் எழுத்து வந்தது.

"இத தொறந்து படிக்கிறவங்களுக்கு வணக்கம். கீழ இருக்கறது நான் பேசுனதுதான், பொய் இல்ல. ஆனா அது யாருக்கும் அனுப்புனது கிடையாது. அலுப்புல சொல்லிட்டு அழிச்சது. நீங்க கேக்கணும்னா கேளுங்க, நான் வேண்டாம்னு சொன்னாலும் கேப்பீங்க. எங்க ஊர்க்காரங்களா இருந்தா என் சத்தம் உங்களுக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா என்கிட்ட வந்து கேளுங்க, நான் தாராவியிலதான் இருக்கேன். எங்கம்மாவுக்கு மட்டும் இத அனுப்பாதீங்க. அவங்க கெளம்பி வந்துருவாங்க."