அறுபத்தாறு, ஏழு கூடக் குறைய

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அக்கா வீட்டுச் சமையலறையில், அவளுக்கும் அத்தானுக்கும் நடந்த சண்டையின் நடுவே. அடுத்தவர் சண்டையைக் கதையாக்குவது கேவலம்தான். ஆனால் இருவரும் தொண்டை கிழியக் கத்தியது ஒரு கிருமிக்காக; அதுவும் யாரும் வளர்த்துப் பார்த்திராத ஒன்றுக்காக. விடுவேனா?

முதல் தொடக்கம்: ‘சாக்கடையின் ஆழத்தில் அது தன்னந்தனியாகக் காத்திருந்தது...’

அக்கா படித்தாள். “அது தனியா இல்லடா, கூட ஆயிரம் வகை இருக்கு. காத்திருக்கவும் இல்ல. அடி இதை.”

அடித்தாயிற்று.

இரண்டாவது: ‘அக்கா கணினியில் மரபணு வரிசைகளைப் படிப்பவள். அத்தான் கிருமிகளை வளர்ப்பவர். ஒரே ஆய்வகம், ஒரே வீடு, ஒரே...’

(ஒரே என்ன? ஒன்றும் அகப்படவில்லை. கிடக்கட்டும்.)

2

விஷயத்தைச் சொல்லித் தொலைக்கிறேன். சாயப் பட்டறை ஒன்றின் பின்பக்கச் சாக்கடையிலிருந்து அத்தான் சேறு எடுத்து வந்தார். அதிலிருந்த மரபணுத் துணுக்குகளை ஒட்டுப்போட்டு, இதுவரை யாருக்கும் தெரியாத ஒரு கிருமியை அக்கா கண்டுபிடித்தாள். சாயக் கழிவை அது சிதைக்கக்கூடும் என்று வரிசை சொன்னது. வளர்த்தால்தான் நிச்சயமாகும்.

சேறு எடுத்தபோது தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. அதனால் அத்தான் முப்பது டிகிரியில் வைத்தார். வேறு என்னென்னவோ மண்டின. அது மட்டும் வரவில்லை.

அக்காவின் கணக்கில் அதற்குப் பிடித்த வெப்பம் அறுபத்தாறு.*

* எப்படித் தெரியும் என்று கேட்டேன். சூட்டில் வாழும் கிருமிகளின் புரதங்கள் குலையாமலிருக்க, சில அமினோ அமிலங்கள் அவற்றில் கூடுதலாக இருக்குமாம். ஏற்கெனவே வளர்த்து வெப்பம் அறிந்தவற்றோடு ஒப்பிட்டு, வளராததற்கு மதிப்பிடுகிறார்கள். “பெட்டியில இருக்கற கம்பளியைப் பார்த்து ஊர்க் குளிரைச் சொல்ற மாதிரியா?” என்றேன். “உவமை இல்லாம உனக்கு மூச்சே வராதா?” என்றாள்.

3

மீதமிருந்தது ஒரே ஒரு சோதனைக் குழாயில் இருந்த சேறு. சாக்கடையைக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். இனி எடுக்க முடியாது.

“அறுபத்தாறுல வச்சா உள்ள இருக்கறதெல்லாம் வெந்துடும்,” என்றார் அத்தான். “உன் கணக்கு தப்பாயிருந்தா மிச்சம் ஒண்ணும் இருக்காது.”

“முப்பதுல வச்சு என்னத்தைக் கண்டீங்க?”

“அந்தத் தண்ணியில கையை விட்டவன் நான்!”

“உங்க கையைக் கேட்டா அது வளருது?”

(பாதிப் பாதியாகப் பிரிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். இருப்பதே அரைக் கரண்டி, அதில் அது இருப்பது துளியிலும் துளி, பிரித்தால் எந்தப் பாதியிலும் இல்லாமல் போகலாம் என்று இருவரும் ஒரே குரலில் என்மேல் பாய்ந்தார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அது.)

4

அத்தானை நான் முதலில் வறட்டுப் பிடிவாதக்காரராகத்தான் எழுதினேன். கதை சுலபமாக ஓடியது. ஆனால் மறுநாள் ஆய்வகத்தில் நடந்ததை அக்கா சொன்னதும் எழுதியதெல்லாம் பாழ்.

வெப்பப் பெட்டியின் முன்னால் அத்தான் குழாயோடு நின்றிருக்கிறார். “சரி, நம்பரைச் சொல்லு.”

“அறுபத்தாறு. ஏழு கூடக் குறைய.”

“ஏழா? இது நம்பரா, வதந்தியா? உனக்காவது நம்பிக்கை இருக்கா?”

வீட்டில் அவ்வளவு பேசியவள், “இல்லைங்க. தெரியல,” என்றிருக்கிறாள்.

அத்தான் பெட்டியை அறுபத்தாறுக்குத் திருப்பிக் குழாயை உள்ளே வைத்துவிட்டார்.

ஏன்? இங்கேதான் என் உயிர் போகிறது. அன்பு என்று எழுதினேன்; அசட்டுத்தனமாக இருந்தது. அவரையே கேட்டேன்.

“வேற எல்லாம் பார்த்தாச்சு, மாப்ளே.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

இந்த மனிதரை வைத்துக்கொண்டு எப்படிக் கதை எழுதுவது?

5

வளர்ந்தது. சோதித்துப் பார்த்தார்கள், அதேதான். சாயத்தையும் தின்கிறது, மெதுவாக. கான்கிரீட்டுக்கு அடியில் எங்கேயோ கொதிநீர் வந்து கலக்கிறது போலிருக்கிறது. ஆனால் அது மிக நன்றாக வளர்வது அறுபத்தொன்றில். “அஞ்சு டிகிரி தப்பு,” என்று அத்தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். “ஏழுக்குள்ளதானே?” என்று அக்கா அடுக்களையிலிருந்து கத்துகிறாள்.

முடிவு இதுவல்ல. கிருமி பெருகிக் குழாய் கலங்கியிருந்த அந்தக் காலையில் அத்தான் அதைக் கண்ணாடிக் கதவு வழியே முதலில் பார்த்து, தொடாமல், அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்.

“நீ எடு.”

“நீங்கதானே வச்சீங்க, நீங்க எடுங்க.”

யார் எடுத்தது? அக்காவைக் கேட்டால், “இதெல்லாமா கதையில வரும்?” என்கிறாள். அத்தான் சிரிக்கிறார். அக்கா எடுத்ததாக எழுதினேன். அவர் தோற்றவர்போல் ஆனார். அத்தான் எடுத்ததாக எழுதினேன். அவள் விட்டுக்கொடுத்தவள்போல் ஆனாள். இருவரும் சேர்ந்து எடுத்ததாக எழுதியதை நானே கிழித்துப் போட்டேன்.

எனக்கு அலுத்துவிட்டது. இருவரும் இன்னும் அங்கேயே நிற்கிறார்கள். நீங்களே யாரையாவது கதவைத் திறக்கச் சொல்லுங்கள். எடுத்ததும் மூடிவிடச் சொல்லுங்கள், சூடு போய்விடும்.