ஹீட்டர் வைத்த வண்டி

வேனில் முதிர்ந்திருந்தது. சித்திரை கழிந்து வைகாசி பிறந்த பின்னும் மேற்கே ஒரு கீற்று மேகமும் கூடவில்லை. முட்டா ஆறு தன் கற்களையெல்லாம் வெளியே இட்டு மெலிந்து கிடந்தது. பூனாவின் கேம்ப் பகுதிச் சாலைகளில் குல்மொஹர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு எரியும் நிறத்தில் பூத்து நின்றன. நிழல் தரவேண்டிய கிளைகள் தீயை ஏந்தி நிற்பதுபோலிருந்தது. காலைப் பறவைகளின் ஓசை அடங்கும் முன்பே வெயில் மதிலேறிவிடும். நண்பகலில் காற்று, எங்கிருந்தோ வரவேண்டிய கட்டளைக்குக் காத்திருப்பதைப்போல அசைவற்றிருக்கும். பூனா நகரமே ஒரு மழையை வேண்டி வாய் திறவாமல் நோன்பிருந்த நாட்கள் அவை.

அத்தகைய ஒரு நண்பகலில், ஹடப்சரில் ஒரு மருத்துவமனையின் வாயிலில், பாக்கியவதியும் அவள் தம்பி ஆண்டனியும் தங்கள் தந்தை லியோனார்டைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கி, அவருடைய பழைய காரின் முன் இருக்கையில் அமர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"தலை, தலை. அக்கா, தலையப் பாத்துக்கோ."

"நீ கால விடாத. மெல்ல... ஆச்சுப்பா, ஆச்சு."

எழுபத்தெட்டு வயது உடல் ஒரு சிறுமியின் எடைக்கு வந்திருந்தது. அவர்மேல் கிடந்த சிவப்புக் கம்பளியை நர்ஸ் உருவி மடித்துக்கொண்டாள். அது மருத்துவமனையின் உடைமை. லியோனார்டின் விரல்கள் அதன் ஓரத்தைச் சற்றே பற்றியிருந்து, பின்னர் விட்டன.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று முந்தின நாள் மருத்துவர் சொல்லியிருந்தார். இருதயம் ஓய்ந்துகொண்டிருக்கிறது, ஒரு நாள் தாங்கலாம், ஒரு வேளையே தாங்கலாம். அதைக் கேட்ட பின் லியோனார்டு மகளைக் கையசைத்து அழைத்தார்.

"ஒங்கம்மா இந்த மாதிரி ஒரு கட்டில்லதான் போனா. எனக்கு வேண்டாம். வீட்டுக்குப் போவோம். நம்ம வண்டியில."

"உசுரோட வீட்டு வாசல்ல கொண்டுபோய் எறக்குதேம்ப்பா," என்று பாக்கியவதி வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகே, அது தன் கையிலுள்ள பொருளன்று என்பது அவளுக்கு உறைத்தது.

ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் ஆண்டனிக்கு இதில் சம்மதமில்லை.

"ஏசி வண்டி புக் பண்ணுதேங்கா. படுக்க வச்சே கொண்டு போயிரலாம். இந்த டப்பாவுல, இந்த வெயில்ல கொண்டுபோனா நாமளே கொன்ன மாதிரி ஆயிரும்."

"அத நீயே அவர்ட்ட சொல்லு."

ஆண்டனி சொன்னான். தந்தை கண்களை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் அது தீர்ப்பு.

அந்தக் கார் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. வெலிங்டன் பாசறையில் இருந்த ஓர் அதிகாரி நீலகிரிக் குளிருக்கென்று ஹீட்டர் பொருத்தி வைத்திருந்த அதை, கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் டர்னராக இருந்த லியோனார்டு வாங்கி, மலையிறக்கி, பூனா வரை தாமே ஓட்டிவந்தார். "இந்த வெயில்ல ஹீட்டரோட அலையுத ஒரே கிறுக்கன் ஒங்கப்பாதான்," என்று அம்மா இருந்தவரை சொல்லிச் சிரிப்பாள்.

குளிர்சாதனம் இல்லை, விசிறி இல்லை, சன்னல் கண்ணாடியையும் கையால் சுழற்றித்தான் இறக்கவேண்டும். ஆயினும் அதற்குள் சுகமாகப் பயணம் செய்வதற்கென்று லியோனார்டு ஒரு முறைமையை வகுத்திருந்தார். வெயிலேறும் முன் புறப்பட்டுவிட வேண்டும். ரெக்ஸின் இருக்கையின்மேல் நனைத்துப் பிழிந்த பருத்தி விரிப்பு. சன்னலின் முனையிலுள்ள முக்கோணக் கண்ணாடியை, வரும் காற்று மார்பில் விழும்படி திருப்பிவைக்க வேண்டும். கழுத்தைச் சுற்றி ஈரத் துண்டு. வெயில் விழும் சன்னலில் நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டி. "வண்டி ஓடுத வரைக்கும் காத்து நமக்கு வேலைக்காரன். நின்னுச்சோ, அவன் போயிருவான்," என்பார். இவை யாவற்றுக்கும் மேலாக, ஏறி அமர்ந்த பின் யாரும் முனகக் கூடாது. பின்னிருக்கையில் ஒரு முனகல் கேட்டாலும் வண்டி சாலையோரம் நின்றுவிடும்; மன்னிப்புக் கேட்கும் வரை நகராது. மகாபலேஷ்வர் மலைப்பாதையில் ஒரு புளியமரத்தடியில் ஆண்டனி அப்படி நெடுநேரம் பிடிவாதமாக உட்கார்ந்திருந்ததுண்டு.

இன்று முதல் விதி முறிந்திருந்தது. காலையிலேயே புறப்பட நினைத்தவர்களை, ஒரு கையெழுத்துக்காக நண்பகல் வரை நிறுத்திவைத்துவிட்டார்கள். ஆகவே பாக்கியவதி மற்ற விதிகளை இரு மடங்கு கவனத்தோடு நிறைவேற்றினாள்.

"துண்ட இன்னும் கொஞ்சம் நனை."

"போதும்கா. சொட்டுது."

"சொட்டட்டும். காத்துப் பட்டா சில்லுன்னு இருக்கும்லா."

அவள் தந்தையின் கழுத்தில் துண்டைச் சுற்றினாள். முழங்கால்மேல் இன்னொன்றை விரித்தாள். தட்டியில் நீர் தெளித்தாள். "சௌகரியமா இருக்காப்பா?" என்றாள். அவர் தலையசைத்தார். ஆண்டனி பின்னால் ஏற, அவள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து வண்டியைக் கிளப்பினாள்.

மகர்பட்டா தாண்டும் வரை காற்று தன் வேலையைச் செய்தது. ஃபாத்திமாநகருக்கு முன்னால் எல்லாம் நின்றது. மேம்பாலத்தின் வாயில் ஒரு தண்ணீர் லாரி அச்சு முறிந்து குறுக்கே கிடப்பதாக முன்னாலிருந்து செய்தி வந்தது. பேருந்துகளும் ஆட்டோக்களும் இருசக்கர வண்டிகளும் ஒன்றன் இடையில் ஒன்று புகுந்து, அசைய இடமின்றி இறுகிப்போயின.

பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டிக் காருக்குள் பார்த்தார். "ஆண்ட்டி, ஏசி டீக் சல்தா ஹை க்யா?" ஏசி நன்றாக வேலை செய்கிறதா, என்றார். அவருக்குப் பின்னாலிருந்த பயணி சிரித்தார். பாக்கியவதி முகம் கொடுக்கவில்லை. "பேச்னா ஹை தோ போலோ," விற்பதானால் சொல்லுங்கள், என்று ஆட்டோக்காரர் பேச்சை விடாமல் தொடர்ந்தார். மறுபுறம் பைக்கில் இருந்த இருவர் கைப்பேசியை உயர்த்தி வண்டியைப் படமெடுத்தார்கள். அவர்களில் ஒருவன் முன் இருக்கையில் இருந்த முதியவரை நோக்கிக் கட்டைவிரலை உயர்த்தினான். லியோனார்டின் தலை ஆடியது. அவன் அதைப் பதில் வணக்கமாக எடுத்துக்கொண்டான்.

அவருடைய உடல் முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் ஓடும் என்ஜின் அந்த வண்டியில் எல்லாவற்றையும் நடுக்கும் என்பது பாக்கியவதி அறிந்ததே. அவள் புட்டியைத் திறந்து, அவர் கழுத்துத் துண்டில் மேலும் சிறிது நீரை ஊற்றினாள்.

பின்னிருக்கையிலிருந்து ஆண்டனி எட்டி முன்புறம் பார்த்தான். "அக்கா. முள்ளப் பாரு."

தந்தை தம் கையால் பொருத்திய வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. பானெட்டின் விளிம்பில் கானல் எழுந்தது.

"ஆஃப் பண்ணிரு."

"இந்தச் சூட்டுல ஆஃப் பண்ணா மறுபடி பிடிக்காது. இங்கயே கெடக்க வேண்டியதுதான்."

"அப்ப ஆம்புலன்ஸக் கூப்பிடுதேன்."

"எது வழியா வரும்?"

ஆண்டனி முன்னும் பின்னும் பார்த்தான். கைப்பேசியை மடியில் வைத்துவிட்டான்.

வழி ஒன்று இருந்தது. இருவரும் அதை அறிவார்கள். ஆகையால்தான் இருவரும் பேசவில்லை. ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டால், என்ஜினின் வெப்பத்தை அது உறிஞ்சி வண்டிக்குள் கொட்டும், என்ஜின் பிழைக்கும். அதன் வாய் இருந்தது முன் இருக்கையில் அமர்ந்திருப்பவரின் பாதங்களுக்கு நேரே.

அதைச் சொன்னவர் லியோனார்டு.

"ஹீட்டர்... போடு."

"வேண்டாம்ப்பா. ஒங்களால தாங்க முடியாது."

"போடுட்டி."

"அக்கா, கூறுகெட்டத்தனமா எதுவும் பண்ணாத. வெளிய நாப்பது டிகிரி. அவ்வளவு சூடும் அவரு மேலதான் அடிக்கும்."

"எனக்குத் தெரியும்டா. வேற என்ன செய்யன்னு நீ சொல்லு."

முன்னால் ஒரு சக்கரமும் உருளவில்லை. பாக்கியவதி குமிழைப் பிடித்து இழுத்தாள்.

பல்லாண்டுத் தூசி கருகும் வாடையோடு அனல் புறப்பட்டது. அவள் கண்களை மூடிக்கொண்டாள். தந்தையின் முகத்தைப் பார்க்கும் திறன் அக்கணத்தில் அவளுக்கு இல்லை. ஒரு முனகலையாவது எதிர்பார்த்தாள். வரவில்லை.

கண் திறந்தபோது, அவர் செருப்புகளிலிருந்து பாதங்களை விடுவித்து, தாமாகவே அந்த அனலின் வாய்க்கருகில் நீட்டியிருந்தார். குளிர்ந்த வீட்டில் அடுப்பருகே அமர்ந்தவரின் அமைதி அவர் முகத்தில் பரவிக்கொண்டிருந்தது.

"குளிருதுட்டி," என்றார். "காலைலேருந்து."

பாக்கியவதி அவர் கையைத் தொட்டாள். அது கிணற்றிலிருந்து எடுத்த கல்லைப்போலிருந்தது. கழுத்தில் சொட்டும் துண்டு. முழங்காலில் நனைந்து ஒட்டிய வேட்டி. மார்பில் விழும்படி அவளே திருப்பிவைத்த காற்று. வண்டி இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவருடைய நடுக்கம் நின்றிருந்தது.

"ஏம்ப்பா சொல்லல?"

அவர் உதட்டோரம் சற்றே கோணியது. "வண்டியில முனகக் கூடாதுல்லா."

"துண்ட எடு, ஆண்டனி. எடு. அந்தத் தட்டியையும் கழட்டு."

ஆண்டனி ஈரத் துண்டுகளை உருவிக் கீழே போட்டான். போர்த்துவதற்கு வண்டியில் வேறு துணி இல்லை. தன் சட்டையைக் கழற்றித் தந்தையின் மார்பில் பரப்பிவிட்டு, பனியனோடு பின்னிருந்து அவர் தோள்களை அணைத்துப் பிடித்துக்கொண்டான். பாக்கியவதி முக்கோணக் கண்ணாடியை அடைத்தாள். இரு சன்னல்களையும் சுழற்றி ஏற்றினாள். அக்காவும் தம்பியும் வியர்வையில் நனைந்தார்கள். ஆட்டோக்காரர் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எப்படிப்பா இருக்கு?"

"இதமா இருக்கு."

முள் மெல்லச் சிவப்பை விட்டு இறங்கிற்று.

எவ்வளவு நேரம் கழிந்ததோ, முன்னால் ஒரு விசில் ஒலித்தது. போக்குவரத்துக் காவலர் வந்து பானெட்டைத் தட்டி, "சலா, சலா," என்று நகரச் சொல்லிக் கையசைத்தார். வண்டிகள் ஒவ்வொன்றாக விடுபட்டன. குதிரைப் பந்தயத் திடலின் நெடிய மதில் வந்தது. சாலை விரிந்து, காற்று வெளியே கண்ணாடிகளில் மோதித் திரும்பிப்போயிற்று. அவள் எதையும் திறக்கவில்லை.

"பூல்கேட் வந்துட்டுப்பா. இன்னும் ரெண்டு திருப்பந்தான்."

சிவப்பு விளக்கில் நின்றபோது அவள் திரும்பிப் பார்த்தாள். தந்தை நிமிர்ந்தே அமர்ந்திருந்தார். கண்கள் பாதி மூடியிருந்தன. ஆண்டனியின் உள்ளங்கை அவர் மார்பின்மேல் இருந்தது. அந்தக் கை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"ஆண்டனி."

அவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆண்டனி, அப்பா..."

"ஓட்டுக்கா," என்றான். "பச்ச விழுந்துட்டு."

பின்னால் ஒலிப்பான்கள் எழுந்தன. அவள் கியரை மாற்றினாள். ஹீட்டரின் குமிழ் இழுத்தபடியே இருந்தது. அதை உள்ளே தள்ள அவளுக்குக் கை வரவில்லை.

கேம்பில், அவர்களுடைய குறுகிய சந்தில், வீட்டு வாசலுக்கு நேராக அவள் வண்டியை நிறுத்தினாள். சாவியைத் திருப்பாமல் அமர்ந்திருந்தாள். ஆண்டனி இறங்கிச் சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்தான். கொதிக்கும் தார்மேல் பனியனோடு முழந்தாளிட்டு, தந்தையின் பாதங்களைக் கையில் ஏந்தினான். அனலைவிட்டு வந்த பாதங்கள் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன. துண்டிலிருந்து வழிந்த நீர் விரலிடுக்குகளில் எஞ்சியிருந்தது. கைக்குட்டையால் ஒவ்வோர் இடுக்காகத் துடைத்தான். இரண்டையும் ஒன்றுசேர்த்து வைத்து, அவற்றின்மேல் நெற்றியைத் தாழ்த்தினான்.

தாய் இறந்த நாளிலிருந்து அவன் வாய்விட்டு ஜெபித்ததில்லை.

"கர்த்தாவே," என்று தொடங்கினான். "எங்க அப்பாவ..." அதற்குமேல் தமிழிலும் சொல் கிட்டவில்லை, வேறெந்த மொழியிலும் கிட்டவில்லை. பிறகு, "ஆமென்," என்றான்.

ஸ்டியரிங்கைப் பற்றியபடி பாக்கியவதியும், "ஆமென்," என்றாள்.

எதிர்வீட்டு மாடியில் கதவு திறந்தது. அவர்கள் பள்ளிக்குச் சென்ற நாள் முதல் அந்த வீட்டில் குடியிருக்கும் பாத்திமா, தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கைப்பிடிச் சுவரருகே வந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் லியோனார்டு எப்போதும்போல நிமிர்ந்து அமர்ந்திருப்பதையும், மகன் கீழே குனிந்து அவருக்குச் செருப்பு மாட்டுவதையும்தான் அங்கிருந்து அவளால் காண முடிந்தது.

"வந்துட்டீங்களா அண்ணே," என்றாள். "ஆஸ்பத்திரிய விட்டு வீடு வந்து சேந்ததே போதும். மெல்ல எறக்குங்க, அவசரமில்ல. நான் கஞ்சி வச்சுக் கொண்டாறேன்."

ஆண்டனி தலை நிமிரவில்லை. பாக்கியவதி மேலே பார்த்து, தந்தையின் சார்பில் தலையசைத்தாள்.

பாத்திமா வலக்கையை உயர்த்தி, காரை நோக்கி விரித்துப் பிடித்தாள்.

"ஆண்டவன் ஒங்களுக்கு சுகத்தக் குடுக்கட்டும் அண்ணே. ஒங்க பிள்ளைங்களுக்கும் குடுக்கட்டும்."