இல்லாத முழங்கால் நோ

கஜலக்சுமிக்கு முழங்காலில் ஒரு நோவும் இல்லை. அந்த நோவைக் கண்டுபிடித்தவர் அவளுடைய கணவர் குணசேகரம். அதுவும் சுவிசில், எம்மன்புரூக்கேயில் ஏறிய பஸ் லூட்சேர்ன் நகரத்துக்குப் போய்ச் சேருவதற்குள்.

"ஒப்பீசில, ஏன் அந்த வேலையை வேண்டாமெண்டு விட்டனீங்கள் எண்டு கேட்டால் முழங்கால் நோ எண்டு சொல்லுவம். நீர் வாயைத் திறக்க வேண்டாம், நான் கதைக்கிறன்."

"எனக்கு நோ இல்லையே."

"இண்டைக்கு மட்டும் நோகட்டும்."

பத்தொன்பது வருடம் கஜலக்சுமி துணி மடித்த லோன்றி, அந்தச் சலவை நிலையம், இந்த வசந்தத்தில் மூடப்பட்டது. அன்றிலிருந்து மாதாமாதம் வேலையில்லாக் காசு வருகிறது. சும்மா வருவதில்லை. மாதம் பத்து இடத்திலாவது வேலை கேட்டு, கேட்ட இடங்களின் பட்டியலை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். படிவங்களை எல்லாம் நிரப்புகிறவர் குணசேகரம். ஜேர்மன் கதைப்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன மாதம் அலுவலகமே ஒரு வேலையைக் காட்டியது. முதியோர் இல்லமொன்றின் சமையலறை. அரை நாள் வேலை செய்து காட்ட வேண்டும். கஜலக்சுமி கரட் அரிந்தாள், அண்டா தேய்த்தாள், தலைமைச் சமையல்காரர் வாயெல்லாம் பல்லானார். ஆனால் அதே வேலைக்கு அன்று இன்னொருத்தியும் வந்திருந்தாள். மிதுஷா. கைக்குழந்தைக்காரி. நிரந்தர வேலை ஒன்று இருந்தால்தான் தனக்கு நல்ல விசா கிடைக்க வழி பிறக்கும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். கஜலக்சுமி ஏப்ரனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "இந்தப் பிள்ளையை எடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இதில் என்ன பிழை என்று அவளுக்கு விளங்கவில்லை. எங்கள் சனத்தில் யார் கடிதம் போட்டு வேலை எடுத்தது? ஒருவர் வாயால் மற்றவருக்கு வேலை. கஜலக்சுமிக்கு லோன்றி வேலை எடுத்துக் கொடுத்ததே, இரண்டு கிழமை மட்டும் பழகிய ஒரு பெண்தான். ஆனால் அந்தச் சமையல்காரர் நேர்மையான மனுசன். நடந்ததை நடந்தபடி அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். வந்து விளக்கம் சொல்லுங்கள் என்று கடிதம் வந்தது. கிடைத்த வேலையைக் காரணமில்லாமல் தட்டிக்கழித்தால் ஒரு மாதத்துக்கு மேல் காசு நிற்கும்.

"உமக்கென்ன விசரே? தனக்கு மிஞ்சித்தானே தானம்!" மூன்று நாள் குணசேகரம் சன்னதம் ஆடினார். அவருடைய ஹோட்டல் சம்பளம் வாடகைக்கும் காப்புறுதிக்குமே சரி.

"அவளுக்கு விசா, எனக்குக் காசு. எது பெரிசு?" என்று கேட்டாள் கஜலக்சுமி.  விசாவைப் பிழை சொல்ல முடியாமல்தான் அவர் கடைசியில் முழங்கால் நோவில் போய் நின்றார்.

அலுவலகத்தில் கஜலக்சுமியின் கோப்பைப் பார்க்கும் திருமதி ஸ்டாடெல்மன் இருவருக்கும் கைகொடுத்து இருத்தினார். குணசேகரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, மனைவியின் முழங்காலைப் பற்றி நல்ல ஜேர்மனில் உருக்கமாக எடுத்துச் சொன்னார். திருமதி ஸ்டாடெல்மனும் உருகித்தான் போனார்.

"ஐயோ, பாவம். அப்படியென்றால் நின்று செய்யும் வேலை எதுவும் இவரால் முடியாது, இல்லையா? டொக்டர் கடிதம் வேண்டும். என்ன வேலைக்குத் தகுதி என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். குணசேகரத்தின் புளுகு எட்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. இல்லாத நோவுக்கு டொக்டர் கடிதத்துக்கு எங்கே போவது?

"நைன், இல்லை" என்றது ஒரு குரல். கஜலக்சுமி.

"முழங்கால் நல்லது. நான் வேலை செய்ய ஆசை. அந்தப் பிள்ளைக்குக் குழந்தை, விசா பிரச்சினை. நான் சொன்னேன், அவளை எடுங்கள் என்று. இவர் பயத்தில் பொய் சொல்கிறார். நல்ல மனிதர்."

முழுவதும் ஜேர்மனில். கொஞ்சம் நொண்டினாலும், ஒரு சொல்லுக்கும் புருசனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திருமதி ஸ்டாடெல்மன் பேனையை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "உண்மையைச் சொன்னதற்கு நன்றி. ஆனாலும் இதை நான் எழுதி அனுப்பத்தான் வேண்டும்" என்றார்.

வெளியே வந்ததும் குணசேகரம் கேட்டார்: "ஜேர்மன் எங்கை படிச்சனீர்?"

"லோன்றியில பத்தொன்பது வருசம் ஊமையாவே நிண்டனான்?"

"பிறகேன் எல்லா இடத்துக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போறனீர்?"

"நீங்கள் வந்தால் எனக்குச் சந்தோசம். கதைக்கிறது உங்களுக்குச் சந்தோசம்."

குணசேகரத்துக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கலியாணம் கட்டின புதிதில் வந்ததுபோல ஓர் ஆசையும் வந்தது. மூன்று நாள் திட்டியதை நினைத்து அவருக்கு மனம் நொந்தது.

இரண்டு கிழமையில் முடிவு வந்தது. முப்பத்தொரு நாளுக்குக் காசு இல்லை. குணசேகரம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை வேலையும் கேட்டு வாங்கினார்.

அந்த ஞாயிறு அவரை வழியனுப்ப கஜலக்சுமியும் பஸ் தரிப்புக்கு வந்தாள். அங்கே மிதுஷா நின்றாள். தோளில் குழந்தை, பையில் சமையலறை ஏப்ரன். இவர்களைக் கண்டதும் அவளுடைய முகம் மலர்ந்து, அடுத்த கணமே வாடியது.

"அன்ரி, எனக்கு வேலையைத் தந்ததால ஒப்பீசில உங்களுக்கு ஏதும் கரைச்சலோ? காசை வெட்டுவினம் எண்டு ஆரோ சொல்லிச்சினம். எனக்கு நித்திரையே இல்லை."

கஜலக்சுமி வாயைத் திறக்கமுன் குணசேகரம் முந்திக்கொண்டார்.

"ஒரு கரைச்சலும் இல்லைப் பிள்ளை. ஒப்பீஸ்காரருக்கு நல்ல சந்தோசம். கைகுடுத்தெல்லோ அனுப்பினவை."

மிதுஷா பெரிதாக மூச்சு விட்டாள். குழந்தை குணசேகரத்தின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. கஜலக்சுமி பக்கத்தில்தான் நின்றாள். அவர் சொன்னதை இந்த முறை அவள் திருத்தவில்லை.