இருட்டில் ஏறிய ஆக்சிஜன்

அடுத்த மாதம் ஆழ்கடல் சேற்றை அள்ளிவரக் கிளம்பும் கப்பலில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. கொல்கத்தா நியூ டவுன் ஆய்வகத்தில் எட்டு வருஷமாகக் குப்பை கொட்டும் பூர்ணிமாவுக்கு, அது தனக்குத்தான் என்ற நினைப்பு. போன வருஷம் சேர்ந்த இந்துஜா குறுக்கே வந்து நின்றாள்.

வந்த ஆறே மாதத்தில் அவள் வங்காள மொழி பேசினாள். ‘தாதா’ என்று எல்லோரும் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் கேன்டீன்காரர் அவள் தட்டில் மட்டும் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்தார். அதையே பூர்ணிமாவால் பொறுக்க முடியவில்லை. இப்போது இது வேறு. கடலடிச் சேற்றைப் புட்டியில் அடைத்துப் பொட்டு வெளிச்சமில்லாமல் வைத்தால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கத்தான் வேண்டும். இந்துஜாவின் புட்டியில் அது கூடியிருந்தது.

கப்பலுக்கு ஆள் அனுப்பும் பொறுப்பு மஹாதேவன் சாருடையது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவர் திரையில் இந்துஜாவின் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெயிலே இல்லாம சேத்துல ஆக்சிஜன் உண்டாகுதுன்னா, அடியில கிடக்கிற புழு பூச்சியெல்லாம் அதை வச்சும் மூச்சு விடலாம். பெரிய விஷயம்மா. ஆனா ஒரே புட்டி. காத்து கசிஞ்சு உள்ள போயிருக்கும். இதை நம்பி உன்னைக் கப்பல்ல ஏத்த முடியாது.”

இந்துஜாவின் முகம் தொங்கிப்போனது. பூர்ணிமாவுக்கு வயிறு குளிர்ந்தது. இன்னும் பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் கப்பல் அவளுடையது.

சார் அதோடு விட்டிருக்கலாம். “இருந்தாலும், நம்ம லேப்ல இப்படி ஒண்ணைக் கவனிச்ச முதல் ஆள் நீதான்,” என்றார்.

முதல் ஆளாமே. பூர்ணிமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் மூணு வருஷம் முன்னாடியே பாத்துட்டேன் சார்.”

விறுவிறுவென்று போய்ப் பழைய நோட்டை எடுத்துவந்து மேஜையில் போட்டாள். அதே ஏற்றம்தான். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே ‘கருவிக் கோளாறு’.

சார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“வேற சேறு, வேற கருவி, வேற ஆள். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கசியாது. இந்துஜா, நீ கப்பலுக்குத் தயாராயிடு.” நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, “ஏம்மா இதைக் கோடு போட்டு அடிச்ச?” என்று மட்டும் கேட்டார்.

பூர்ணிமா நோட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

இந்துஜா பின்னாலேயே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நீங்க வாயைத் திறக்கலைன்னா என் கதை முடிஞ்சிருக்கும்.” நிஜமாகவே நன்றியோடுதான் சொன்னாள்.

மதியம் தாதா பூர்ணிமாவின் தட்டில் இருப்பதிலேயே பெரிய மீன் துண்டை வைத்தார். இந்துஜா சொல்லிவிட்டுப் போனாளாம். பூர்ணிமா அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தாள்.